தொட்டி சொன்ன வணக்கம்

நகரக் குடிநீர் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இயக்குநர் எதைப் பார்த்துப் 'பிரமாதம்' என்கிறாரோ, அது அந்த நிமிடமே நிறைவுற்ற பணியாகிவிடும். அதன்பிறகு அதில் ஒரு திருகைத் திருக வேண்டும் என்றாலும் குழு கூட வேண்டும். அலுவலகத்தின் பின்புறம் பாதி கட்டிய மாடிப்படி ஒன்று பதினோரு வருடமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது இப்படித்தான்.

இது தெரிந்தும் இளநிலைப் பொறியாளர் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வேலை செய்தாள். பாவம், அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

எல்லாம் பம்ப் ஆபரேட்டரின் முழங்காலுக்காகத் தொடங்கியது. மேல்நிலைத் தொட்டிக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவர் தினமும் நாலு தடவை ஏறி இறங்குவார்.

"ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு மேடம். யாரு முதல்ல ரிட்டையர் ஆகறதுன்னு எனக்கும் முழங்காலுக்கும் போட்டி" என்றார்.

"ஒரு வாரம் பொறுங்கண்ணே. தண்ணி எவ்வளவு இருக்குன்னு உங்க போனுக்கே வந்துடும். நீங்க கீழ உக்காந்து மோட்டாரைப் போட்டா போதும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கருவி வந்தது. கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் குட்டிக் கணினிப் பலகை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதனுடன் மூன்று பயிற்சிகள் இருந்தன. முதல் பயிற்சியில் ஒரு விளக்கு சிமிட்டும். இரண்டாவதில் பலகை மணிக்கொரு தடவை போனுக்கு 'வணக்கம்' என்று அனுப்பும். மூன்றாவதில் எதையாவது அளந்து அந்த அளவை அனுப்பும். அவளுக்கு வேண்டியது மூன்றாவதுதான். ஆனால் ஒழுங்கான பெண், முதலிலிருந்து வரிசையாகச் செய்தாள். இரண்டாவது ஓடிய நேரம் பார்த்து இயக்குநர் உள்ளே வந்தார்.

"என்னம்மா இது?"

"தொட்டியில வைக்கப்போற கருவி சார். இப்பதான் பயிற்சி..."

மேசைமேல் இருந்த போன் 'டிங்' என்றது. இயக்குநர் எட்டிப் பார்த்தார். வணக்கம்.

"தொட்டியா அனுப்புது? நமக்கா?"

இயக்குநரின் முப்பது வருட சேவையில் அவருக்கு வணக்கம் சொன்ன எல்லோருக்கும் ஏதாவது ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஒன்றும் கேட்காமல் வணக்கம் சொன்ன முதல் ஆள் இந்தப் பலகைதான். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிரமாதம்!" என்றார்.

வாசலில் நின்ற தலைமை எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பணி முற்பகல் 11.20 மணிக்கு இனிதே நிறைவுற்றது. கருவி வந்துவிட்டபடியால், ஆள் ஏறித் தண்ணீர் பார்க்கும் முறை அன்றே ரத்தானது.

பலகை தொட்டியில் மாட்டப்பட்டு, அலுவலகத்தில் எல்லோர் போனுக்கும் வணக்கம் அனுப்பத் தொடங்கியது. மறுநாள் குழு கூடியது.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல வணக்கம் போகுதாமே? அப்ப சீனியாரிட்டிக்கு என்ன மரியாதை?" என்று கேட்டார் தலைமை எழுத்தர்.

எனவே மேற்படி வணக்கமானது இயக்குநருக்கு முதலாவதாகவும், ஏனையோருக்குப் பதவி வரிசைப்படி மும்மூன்று விநாடி இடைவெளியிலும் சென்றடைய வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. 'மதிப்பிற்குரிய' என்ற சொல்லைச் சேர்க்க இன்னொரு கூட்டம் நடந்தது.

பொறியாளருக்குப் பம்ப் ஆபரேட்டரின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் மூன்றாவது பயிற்சியை ஏற்றிவிட்டாள். அடுத்த மணிக்கே இயக்குநருக்குச் செய்தி போனது. 'வணக்கம். தண்ணீர் கால் தொட்டிதான் இருக்கிறது.'

இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "தொட்டிக்கு எவ்வளவு வாய்க்கொழுப்பு பார்த்தியாம்மா? நேரா என்கிட்டயே புகார் பண்ணுது!"

"கீழ் நிலையில இருக்கிறவங்க மேற்பார்வையாளர் வழியாத்தான் எழுதணும். விதி இருக்கு" என்றார் தலைமை எழுத்தர்.

"தொட்டியால எழுத முடியாது சார்."

"அப்ப குறையும் சொல்லக்கூடாது."

பழையபடி வணக்கம் மட்டும் வந்தது. பிறகு இந்தச் சேவை பொதுமக்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஊரே சொக்கிப்போனது. "உங்க ஊர்த் தொட்டி பேசுமா?" என்று வெளியூர்ச் சம்பந்திகளிடம் பெருமை அடித்துக்கொண்டார்கள். பதில் வணக்கம் அனுப்பாதவர்களை மரியாதை தெரியாதவர்கள் என்றார்கள்.

ஒரு வியாழக்கிழமை பலகையின் பேட்டரி தீர்ந்தது. பத்து மணி வணக்கம் வரவில்லை. மதியத்துக்குள் நானூறு புகார்கள். போன மாதம் இரண்டு தெருவுக்கு மூன்று நாள் தண்ணீர் வராதபோது ஏழு புகார்கள்தான் வந்திருந்தன.

அவசர ஆணை பிறந்தது. புது பேட்டரிக்கான கோப்பு நகர்ந்து முடியும்வரை, பம்ப் ஆபரேட்டர் மணிக்கொரு தடவை தொட்டிமேல் ஏறி அலுவலகப் போனிலிருந்து வணக்கம் அனுப்ப வேண்டும்.

"கீழ இருந்தே அனுப்பலாமே சார்" என்று கெஞ்சினாள் பொறியாளர்.

"கீழ இருந்து அனுப்பினா அது பம்ப் ஆபரேட்டரோட வணக்கம்மா. ஜனங்களை ஏமாத்தச் சொல்றியா?" என்றார் நேர்மையான இயக்குநர்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று தானே மூச்சு வாங்க நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறினாள். மேலே பம்ப் ஆபரேட்டர் காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டு டப்பாவும் தலையணையும் இருந்தன.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே."

"எதுக்கு மேடம்? ஏறி இறங்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகுது. அதனால காலையில ஏறினா சாயங்காலம்தான் இறங்கறது. உங்க புண்ணியத்துல இப்ப ஒரே தடவைதான் ஏற்றம். முழங்காலுக்கு ரொம்ப சுகம்."

சொன்ன வாக்குப் பலித்துவிட்டதே என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்படியே தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். அடித்தரை காய்ந்து கிடந்தது.

"அண்ணே, சொட்டுத் தண்ணி இல்லையே! மோட்டார் போடலையா?"

"மோட்டார் கீழதானே இருக்கு மேடம்" என்றார் அவர். மணியைப் பார்த்துப் போனில் ஒரு தடவை அழுத்தினார்.

கீழே தெருக்குழாயடியில் காலிக் குடங்களுடன் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஐம்பது போனும் 'டிங்' என்றன. ஐம்பது தலையும் குனிந்தன. எல்லோரும் மலர்ந்த முகத்துடன் பதில் அனுப்பினார்கள்.

பொறியாளர் மோட்டாரைப் போட அவசரமாகப் படியில் கால் வைத்தாள். அவளுடைய போனும் 'டிங்' என்றது. மதிப்பிற்குரிய இளநிலைப் பொறியாளர் அவர்களுக்கு வணக்கம்.

பதில் அனுப்பிவிட்டுத்தான் இறங்கினாள்.