புகை பாய் காட்டிய கற்பூரம்

ஒசூரில் புகை பாய்க்குத் தெரியாமல் ஒரு பீடிகூடப் புகைந்ததில்லை. எண்பதுகளின் கடைசியில் நானும் அவரும் விமான எஞ்சின்களைப் பழுது பார்த்துச் சோதிக்கும் ஒரு கொட்டகையில் வேலை பார்த்தோம். எஞ்சினை ஓடவிட்டு, அதன் பின்னால் ஒரு குழாயை நீட்டி, பம்பு வைத்துப் புகையை ஒரு வெள்ளைத் தாள் வழியாக உறிஞ்சுவது பாயின் வேலை. கண்ணுக்குத் தெரியாத கரித்தூளெல்லாம் தாளில் படியும். அளவுக்கு மேல் கறுத்தால் எஞ்சின் தேறாது.

அந்தத் தாள்களில் இரண்டு எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் கர்நாடக பஸ் உறுமும்போது பின்னால் போய் நின்று தாளை நீட்டுவார். மெஸ்ஸில் தோசைக்கல்லுக்கு மேலே பிடிப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் அடுப்படிப் புகையைத் தாளில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தப் புகையில் இருமாமல் இருக்கிற பெண் எதையும் தாங்குவாள் என்று சம்மதம் சொன்னாராம். அவர் மனைவியிடமே கேட்டேன். அந்தம்மா மறுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பாய் தாளைச் சொருகினார். குழாயில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கப் பம்பை ஓடவிட்டவர், அப்படியே ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

வேலையாட்கள் எங்களுக்குள் நடத்திய வாராந்தரப் பூஜை என் பொறுப்பு. எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்ட வேண்டும். குழாயை மட்டும் விட்டால் அதற்குச் சங்கடமாக இருக்காதா? அதன் வாயில் குங்குமம் வைத்துத் தட்டை மூன்று சுற்று சுற்றினேன். புகை மொத்தமும் பவ்யமாக உள்ளே போனது. சாமி ஏற்றுக்கொண்டது என்று நினைத்தேன்.

அதன்பின் எஞ்சினை ஓட்டினார்கள். பாய் திரும்பி வந்து தாளை எடுத்தால், அதற்குத் தோசைக்கல்லே தேவலை. மேனேஜர் எஞ்சினை மறுபடி பிரிக்கச் சொல்லிவிட்டார். பாய் தாளோடு ஜன்னல் பக்கம் போனார்.

"பிரிக்க வேணாம் சார். கரிக்கு நடுவுல செவப்பு இருக்குது. எந்த எஞ்சினும் குங்குமம் வெச்சுக்காது" என்றார்.

யார் பூஜை போட்டது என்று மேனேஜர் கேட்டார். நான் தற்காலிகம். நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மனைவி பிரசவத்துக்காகக் காவேரிப்பட்டினம் போயிருந்தாள். குங்குமம் ஒட்டிய விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

"நாந்தான் சார் கற்பூரம் காட்டுனேன்" என்றார் பாய்.

தொழுகைத் தொப்பியைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை. மேனேஜர் அந்தத் தொப்பியைப் பார்த்தார். என் நெற்றி விபூதியைப் பார்த்தார். மறுபடி தொப்பியைப் பார்த்தார். அவரும் மனுஷர்தான். வேலை நேரத்தில் பூஜை செய்ததற்காகப் பாய்க்கு ஒரு மெமோ எழுதிக் கொடுத்தார். குழாயைச் சுத்தம் செய்து, புதுத் தாள் வைத்து ஓட்டியதில் எஞ்சின் தேறியது. அடுத்த வாரம் என் கடிதமும் வந்தது.

ஏன் பாய் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பம்பு ஓடுதுன்னு உன்கிட்ட சொல்லாம போனது நாந்தானே. மெமோவால எனக்கு ஒண்ணும் ஆவாது. உனக்கு வேலையே போயிருக்கும்" என்றார்.

அந்த மாதமே என் மகள் பிறந்தாள். அவளை வளர்த்தது, படிக்கவைத்தது எல்லாம் அந்த வேலைதான். இன்றைக்கும் கற்பூரம் ஏற்றினால் எனக்கு முதலில் பாய் ஞாபகம்தான் வருகிறது, அப்புறம்தான் சாமி. சாமி இதுவரை கோபித்துக்கொண்டதில்லை.