தாதாவின் காரில் தங்கிவிட்ட புகை

வீட்டில் முதன்முதலாகப் படித்தவளாக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்ல வாய் வராது. டி.வி. ஏன் கோடு கோடாகத் தெரிகிறது, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடணுமா பின்னாலா, மெயின்லேண்டுக்குப் போகும் கப்பல் ஏன் இன்னும் கிளம்பவில்லை, எல்லாவற்றுக்கும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நானும் ஏதாவது சொல்லிவிடுவேன். (சரிபார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லை என்பது பெரிய வசதி.)

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து போர்ட் பிளேரிலேயே தங்கிவிட்டவர். அம்மா ஒரு பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலில் நுழைந்தது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். அப்படிப்பட்டவர்களின் மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, டீச்சராகி, ஒரு காரும் வாங்கினால் தலை எங்கே நிற்கும்? நிற்கவில்லை.

கார் பழையது. லம்பா லைன் பகுதியில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு வங்காளி தாதாவிடம் வாங்கினேன். (இங்கே தாதா என்றால் அண்ணன். ரவுடி இல்லை.) கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்ஜின் பூப்போல ஓடியது. ஆனால் கதவைத் திறந்தால், டீக்கடை பெஞ்சில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நம் முகத்தில் புகை ஊதியதைப் போல இருக்கும்.

"தாதா, சிகரெட் கா ஸ்மெல் ஆ ரஹா ஹை" என்று, வாடை அடிப்பதை இந்தியில் சொன்னேன்.

"ஸ்மெல்? கௌன்சா ஸ்மெல், பேட்டி?" எந்த வாடை மகளே என்று ஆச்சரியமாகக் கேட்டார், வாயிலிருந்த சிகரெட்டை எடுக்காமலே.

அந்த வாடைதான் அம்மாவுக்கு ஆகாது. பஸ் நிறுத்தத்தில் யாராவது பற்றவைத்தால் போதும், அவளுக்கு வயிற்றைப் புரட்டிவிடும். ஆனால் நான் கார் வாங்கியதே அம்மாவுக்காகத்தான். வடக்கே ரங்கத் என்ற ஊரில் இருக்கும் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அந்த வீட்டுக்கு எல்லாரும் வண்டியில் வந்து இறங்குவார்கள். அம்மா மட்டும் பஜாரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பையைச் சுமந்துகொண்டு, வியர்த்துப்போய் நடந்து வருவாள். இந்தமுறை அவள் என் காரிலிருந்து இறங்க வேண்டும். மாமாவின் மனைவியான அத்தை அதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேதியியல் படித்தவளுக்கு ஒரு புகையா பெரிது? நிகோடின் காரம், வினிகர் அமிலம். வினிகரைத் தண்ணீரில் கலந்து சீட், கூரை, தரை என்று ஓர் இடம் விடாமல் துடைத்தேன். வாடை போகவில்லை, கூடவே ஊறுகாய் வாடையும் சேர்ந்துகொண்டது. அதை அடக்க ஈர சீட்டின்மேல் சோடா மாவைக் கொட்டினேன். அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சீட் நுரைத்துப் பொங்கியது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "கார்ல இட்லி மாவா வச்சிருக்க?" என்று கேட்டார்.

பிறகு வெயிலில் காயவைத்தேன். கிண்ணத்தில் காப்பித்தூள் வைத்தேன். அடுப்புக்கரியை மூட்டை கட்டி சீட்டுக்கு அடியில் தள்ளினேன். கடைசியாக, வாடை போய்விட்டதா என்று பார்க்க அப்பாவை உள்ளே உட்காரவைத்தேன். நான் செய்ததிலேயே பெரிய மடத்தனம் அதுதான். வாழ்நாளெல்லாம் மீனோடும் டீசலோடும் கிடந்த மூக்கு அது.

அப்பா நன்றாக இழுத்து மோந்துவிட்டு, "ஒண்ணும் நாறலயே. காத்துதான் வருது" என்றார். பரிசோதனை வெற்றி என்று நான் அறிவித்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியும் முன்பே நானும் அம்மாவும் கிளம்பினோம். அப்பா மறுநாள் வருவதாக ஏற்பாடு. ஜிர்காடாங் சோதனைச் சாவடிவரை கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றை வாங்கிக்கொண்டு ராணிகள் மாதிரி போனோம். அம்மா பட்டுப்புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, பஸ்ஸ விட இது சொர்க்கம்ளா" என்றாள். நான் சொர்க்கத்தின் உரிமையாளரைப் போலச் சிரித்தேன்.

அங்கிருந்து ஜாரவா பழங்குடி மக்களின் காடு. வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும், வழியில் நிறுத்தக்கூடாது. காவலர் வந்து கண்ணாடியைத் தட்டி, "ஷீஷா பந்த்" என்றார். கண்ணாடியை ஏற்றினேன். உடனே முன்கண்ணாடியில் பனி படர்ந்து பாதை தெரியாமல் போனது. ஏ.சி.யைப் போட்டேன். வாங்கியதிலிருந்து அன்றுதான் முதன்முறை.

ஏ.சி.க்குள் ஒரு வடிகட்டி இருக்கும், அதை மாற்ற வேண்டும் என்பது எந்தப் பாடத்திலும் எனக்கு வரவில்லை. தாதா இத்தனை வருடம் ஊதிய புகையெல்லாம் அதில் பத்திரமாகக் காத்திருந்தது. முன்னால் இருந்த துளைகள் வழியாக அத்தனையும் ஒரே மூச்சில் அம்மாவின் முகத்தில் வந்து அடித்தது.

"ஏட்டி, யாரு சிகரெட்டு குடிக்கா?" என்று அம்மா பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருமில்லம்மா."

"அந்த தாதா உள்ளேயா இருக்காரு?"

முன்னால் லாரி, பின்னால் டூரிஸ்ட் வண்டிகள். நிறுத்த முடியாது, கண்ணாடியை இறக்க முடியாது, ஏ.சி.யை அணைத்தால் பாதை தெரியாது. தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவளிடம் மன்னிப்பும் கேட்டேன், நிகோடினைப் பற்றி விளக்கமும் சொன்னேன். (பழக்கம் விடவில்லை.)

மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் கார், பஸ் எல்லாவற்றையும் ஃபெரிப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். அம்மா இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கடற்காற்றை விழுங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கோவிச்சுக்கிடாத. நான் பஸ்லயே வாரேன்."

அக்கரையில் மழை பிடித்துக்கொண்டது, கண்ணாடியை இறக்கவும் வழியில்லை. என்ன சொல்லி அவளை உள்ளே கூப்பிடுவது? ரங்கத் பஸ்ஸின் கடைசி சீட்டில் அம்மா உட்கார்ந்தாள். படித்த மகள் சொந்தக் காரில் தனியாக, தன் அம்மா போகும் பஸ்ஸின் பின்னாலேயே ஊர்ந்து போனாள். எனக்கு அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், பஸ்ஸின் பின்கண்ணாடியில் வரிசையாகத் தலைகள். அம்மா என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வங்காளி அம்மாள் எனக்குக் கையசைத்தார். ஒரு குழந்தை டாட்டா காட்டியது. இப்படியே ரங்கத்வரை.

பஜாருக்கு முந்தைய வளைவில் பஸ் திடீரென்று நின்றது. அம்மா இறங்கினாள். மழையில் ஓடிவந்து என் கார்க் கதவைத் தட்டினாள்.

"என்னம்மா?"

"கண்டக்டர்ட்ட சொல்லி நிப்பாட்டினேன். இங்கருந்து அண்ணன் வீடு பக்கந்தான். தாங்கிக்கிடுவேன்."

"வேண்டாம்மா. உனக்கு மறுபடியும் புரட்டும்."

"நீ ஓட்டுளா" என்றவள், முத்துக்குளிக்கப் போகிறவளைப் போல மூச்சை இழுத்து, கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு உள்ளே ஏறினாள்.

பந்தல் வாசலில் அத்தனை சொந்தமும் நின்றது. நான் குடையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பட்டுப்புடவை மேலும் நனையாமல், கல்யாணப்பெண்ணைப் போல அம்மா இறங்கினாள்.

"வா ரோசு! பாதையெல்லாம் நல்லா இருந்துச்சா?" என்றார் அத்தை. அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். "ஒங்க அண்ணன பாத்தியா?" அதற்கும் தலையாட்டல். வாயைத் திறந்தால் வார்த்தை வருமா வேறு ஏதாவது வருமா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

அத்தை கன்னத்தில் கை வைத்தார். "பாத்தியளா, காரு வந்ததும் நம்மகூட பேச்சே நின்னுபோச்சு!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. அம்மா மெல்ல மூச்சை விட்டாள். மழைக்காற்றை ஒரு வாய் குடித்தாள். பிறகு, "எம் மவ காரு" என்றாள். வந்து இறங்கியபின் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யாராவது உம்மென்று இருந்தால், "என்ன, கார்ல வந்தியா?" என்றுதான் கேட்பார்கள். பள்ளி விழா மேடையில் பேச்சு மறந்து நான் விழித்தபோதுகூட முன்வரிசையிலிருந்து அப்பாவின் குரல் அதைக் கேட்டது.

ஊர் திரும்பியதும் வடிகட்டியை மாற்றினேன், புகை போய்விட்டது. ஆனாலும் அம்மா யார் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கினாலும், வாயை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் பேசாமல் நிற்கிறாள்.

"இப்பதான் ஒண்ணும் நாறலயே, பேச வேண்டியதுதானே?" என்றேன் ஒருநாள்.

"நான் பேசினா எல்லாரும் என்னையப் பாப்பாவ" என்றாள். "பேசாம நின்னாத்தான் காரப் பாப்பாவ."