ஜூலை மாதத்துக் கண்மாய்

கார்மேகம் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை ஓர் அரபிப் பண்ணையில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தபோது எடுத்தார்.

ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் அவர் சூளைப் பிரிவு ஃபோர்மேன். ஐம்பத்து மூன்று வயது. அது ஏப்ரல் மாதம். டியூட்டி இல்லாத சனிக்கிழமை. கூட வேலை பார்க்கும் செல்வநாயகம் தன் குடும்பத்தோடு அவரையும் ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்கு அழைத்துப் போயிருந்தார். வாசலில் டிக்கெட். உள்ளே ஆடு, கோழி, தக்காளிச் செடி. துபாயிலிருந்து காரில் வந்த குடும்பங்கள் ஆட்டுக்குட்டிக்குப் புல் கொடுத்தன. அதைப் படம் எடுத்தன. ஏதோ அதிசயத்தைக் கண்டவர்கள் போலத் திரும்பிப் போயின.

கார்மேகத்துக்குக் கேள்விகள் எழாத நாளே கிடையாது. வேலையை விட்டு ஊருக்குப் போனால் அங்கே நான் யார் என்பது அவரைப் பல வருஷமாகத் தின்றுகொண்டிருந்த கேள்வி. முதுகுளத்தூர்ப் பக்கம் இருந்த அவர் ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. நிலம், ஆடு, மகள் கல்யாணம் எல்லாவற்றையும் மனைவி பானுமதியே பார்த்துவிட்டாள். அவருக்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை. இப்போது கிடைத்துவிட்டது. பண்ணைச் சுற்றுலா. பூட்டிய வீடுகளைத் திறந்து விருந்தாளிகளைத் தங்கவைக்க வேண்டும். ஊரில் நாலு பேர் பிழைப்பார்கள். வாசலில் வெள்ளை வேட்டியோடு நின்று வரவேற்கப்போகும் முதலாளி, கார்மேகம்.

அங்கேயே போனைத் திறந்து ஊர்ப் படங்களைச் செல்வநாயகத்திடமும் அவர் மனைவி லீமாவிடமும் காட்டினார். லீமா நர்ஸ். இருவருக்கும் ஊர் குளச்சல். தலை சாய்ந்த நெற்கதிர், தளும்பும் கண்மாய், அதில் ஒற்றைக் கொக்கு. பச்சையைப் பார்த்தே வளர்ந்த குமரி மாவட்டத்துக்காரர்களே அசந்துபோனார்கள். பிள்ளைகளின் ஸ்கூல் லீவில் தாங்களும் இன்னும் இரண்டு குடும்பங்களும் வருவதாகச் சொன்னார்கள். கார்மேகம் கை கொடுத்தார். கலாஸ். முடிந்தது பேச்சு.

அன்று மத்தியானம் ரூமுக்குத் திரும்பியதுமே வீடியோ காலில் பானுமதியிடம் விஷயத்தை அவிழ்த்தார். அவள் மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"எப்ப வர்றாக?"

"ஜூலையில. அப்பத்தானே ஸ்கூல் லீவு."

காம்பு கிள்ளிய கை நின்றது. "ஏங்க, நம்ம ஊரை ஜூலையில நீங்க எப்பப் பாத்தீக?"

கார்மேகம் யோசித்தார். கம்பெனியில் சூளையை அணைத்துப் பழுது பார்ப்பது ஜனவரியில். ஃபோர்மேனுக்கு லீவு அப்போதுதான். இருபது வருஷமாக அவர் ஊருக்குப் போனதெல்லாம் தை மாதம். அவருக்குத் தெரிந்த ஊரில் வேறு மாதமே கிடையாது.

பானுமதி போனை வாசல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதற்கப்பால் சீமைக் கருவேலம். கரண்டுக் கம்பத்தின் மெல்லிய நிழலில் ஓர் ஆடு தன்னால் முடிந்தவரை ஒடுங்கி நின்றது.

"இது ஏப்ரல். ஜூலைக்கு இன்னும் காயும்" என்றாள்.

கார்மேகம் போனைப் பார்த்தார். ரூம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே இருந்த பாலைவனத்தில் முள் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று முனகினார். பானுமதி கூடாது என்றுவிட்டாள்.

"நான் பாத்துக்கிறேன். ஆனா என்ன செய்யப்போறேன்னு கேக்கக் கூடாது. நல்லபடியா முடிஞ்சுச்சுன்னா, அப்புறம் இந்தப் பண்ணை விஷயத்துல நான் சொல்றதுதான்."

கார்மேகம் சம்மதித்தார். நல்லபடியாக முடியாது என்பதில் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

அதன் பிறகு அவர் தூங்கினாரோ இல்லையோ, சாக்குகளை மட்டும் தவறாமல் தயார் செய்தார். செல்வநாயகம் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போதெல்லாம் உலகம் சூடாகிக்கொண்டு வருவதைப் பற்றிப் பேசினார். பருவமழை முன்பு போல் இல்லை என்று பெருமூச்சு விட்டார். லீமா குழம்பை ஊற்றியபடி ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினாள்.

ஜூலையில் எமர்ஜென்சி லீவு வாங்கி அவரும் கூடவே வந்தார். மதுரையிலிருந்து வந்த வேன் ஊருக்குள் நின்றதும் தொண்டையைச் செருமினார். "இந்த வருஷம் பாத்தீங்கன்னா மழை..."

யாரும் காதில் வாங்கவில்லை. செல்வநாயகம் பெட்டியைத் திறந்து சேஃப்டி ஷூ, தோல் கிளவுஸ், கண்ணாடி என்று ஆளுக்கொரு செட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எதற்கு என்று கார்மேகம் கேட்டார்.

"என்ன துணி எடுக்கணும்னு கேக்க நான் மறுநாளே பானுமதி அக்காவுக்குப் போன் போட்டேன்" என்றாள் லீமா. "எல்லாம் காஞ்சு கெடக்கு, முள்ளு வெட்டவும் மண்ணு சுமக்கவும் தயாரா வாங்கன்னு அப்பமே சொல்லிட்டாவ."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லாண்டாம்னு அக்காதான் சொன்னாவ. உங்களுக்க மழைக் கதையும் கேக்க நல்லாத்தான் இருந்துது அண்ணே."

மறுநாள் காலையில் கார்மேகம் வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நின்றார். வரவேற்க ஆளில்லை. எல்லோரும் கண்மாய்க்குள் இருந்தார்கள். பாட்டில் தண்ணீர் தவிர வேறு அறியாத பிள்ளைகள் மணலில் ஊற்றுத் தோண்டி, தண்ணீர் கசிகிறதா என்று மூச்சுவிடாமல் குனிந்து பார்த்தார்கள். கசிந்தபோது சிரட்டையால் அள்ள அடிதடி. பெரியவர்கள் வயலுக்கு உரமாகும் கண்மாய்க் கரம்பை மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து பானுமதியின் கிழக்கு வயலில் கொட்டினார்கள். ஆண்கள் அங்கே மண்டிய கருவேலத்தை வேரோடு சாய்த்தார்கள். அடுத்த வீட்டுக் கருப்பாயி கரையில் உட்கார்ந்து, கம்பெனியிலும் இப்படித்தான் வேலையைத் தேய்க்கிறீர்களா என்று ஒவ்வொருவரையும் திட்டினாள். எந்த மேனேஜரும் தங்களை இத்தனை பாசமாகத் திட்டியதில்லை என்று அவர்கள் நெகிழ்ந்தார்கள். நாகவள்ளி எப்போதோ மூடிய இட்லிக் கடையைத் திறந்துவிட்டாள். பூட்டிக் கிடந்த வீடுகளில் துணி காய்ந்தது.

மத்தியானம் கார்மேகம் அவர்களை உட்காரவைத்து ராஸ் அல் கைமா அனுபவங்களைச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொருவராக எழுந்து மறுபடி மண் சுமக்கப் போனார்கள்.

கிழக்கு வயலை அப்போதுதான் நன்றாகப் பார்த்தார். முள்ளை எடுத்துத் தாருங்கள் என்று பானுமதி ஒவ்வொரு லீவிலும் கேட்பாள். அடுத்த லீவில் என்று இவர் சொல்வார். இப்போது ஒரு முள் இல்லை. மழைக்கு முன்னால் கறுப்புக் கரம்பை கனமாகப் பரவிக் கிடந்தது. செய்தவர்கள் காசும் கொடுத்து, நன்றியும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வேன் கிளம்பிய பிறகு கார்மேகம் மெதுவாகக் கேட்டார். வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா? வாசலில் நிற்க முதலாளி என்று ஒருவர் வேண்டாமா?

வாசலில் கருப்பாயிதான் நிற்க வேண்டும் என்று விருந்தாளிகள் சொல்லிப் போயிருப்பதாகப் பானுமதி சொன்னாள். சமையல் நாகவள்ளிக்கு. மற்றதெல்லாம் தனக்கு.

"அப்ப நான் வந்து என்ன செய்ய?" குரல் இறங்கிவிட்டது.

பானுமதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் கனிந்தது.

"வாங்க. கட்டாயம் வந்துருங்க. ஐப்பசியில களை எடுக்கத்தான் காசு குடுத்து வர ஒருத்தரும் சம்மதிக்கல."