வெள்ளிக்கிழமை வர்த்தமானி

"அப்பா, இனி நீங்கள் வெயிலுக்க அலையத் தேவையில்லை. வர்த்தமானி முழுக்க நெட்டில கிடக்கு. தமிழிலயும் இருக்கு. சும்மா எடுக்கலாம்" என்று உஷாந்தி போனை நீட்டினாள்.

விசுவலிங்கத்தின் தலையில் இடி விழுந்தது. மகள் மனம் நோகக்கூடாதென்று சிரித்து வைத்தார்.

அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வெள்ளிக்கிழமை தவறாமல் வெள்ளவத்தையில் பஸ் ஏறி, நகரின் கோட்டைப் பகுதியில், கெசட் என்கிற அரசாங்க வர்த்தமானியை வாங்கி வருவார். லேனில் உள்ள பிள்ளைகளுக்கு வேலை வெற்றிடம் பார்த்துச் சொல்ல என்பது வீட்டுக்குச் சொன்ன காரணம். சொல்லாத காரணம் கொட்டாஞ்சேனையில் இருந்தது.

கலியாணத்துக்கு முன் அங்கே ஒரே அறையில் கூட இருந்த ஸஹாப்தீன், பழைய தேநீர்க்கடை மூலையில் காத்திருப்பார். இரண்டு கிழவர்களும் வர்த்தமானியை விரித்து வெற்றிடங்களை உரக்க வாசிப்பார்கள். "மச்சான், இதுக்குப் போடுவமா?" என்று ஒருவர் கேட்டதும் இருவருக்கும் இருபத்திரண்டு வயதாகிவிடும். நடுவில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஆவி பறக்கும்.

வீட்டிலோ வெள்ளிக்கிழமை மரக்கறி. ஜெகதீஸ்வரியின் ஆட்சியில் அன்றைக்கு முட்டைக் கோதுகூட வாசற்படி தாண்டாது. மனைவிக்குப் பயந்து, விசுவலிங்கம் இறைச்சி மணம் போகக் கராம்பு மென்றபடிதான் வீடு திரும்புவார். ஆனாலும் கிழமையில் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் உயிரோடு இருந்தார்.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரிக் கிடக்கு பிள்ளை. என்ர கண்ணுக்குச் சரிவராது" என்று விசுவலிங்கம் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த நாளே பெரிய டப்லெட் ஒன்று வந்தது.

"இதில தமிழ் பெட்டி பெட்டியா விழுதே!"

உஷாந்தி எதையோ தட்டினாள். பெட்டிகள் எழுத்தாகின.

"கடதாசியைத் தொட்டு வாசிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும்."

பிரிண்டரும் வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அதிசயமாக, ஜெகதீஸ்வரி அவர் பக்கம் நின்றாள். "அவர் போய் வாங்கட்டும் பிள்ளை. நாலு எட்டு நடந்தால் சீனி குறையும்."

"வெயில் அம்மா!"

"குடை இருக்குத்தானே?"

தாலி கட்டிய நாளிலிருந்து அவள் தன் கட்சியில் நின்றது இதுவே முதல் தடவை. விசுவலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

உஷாந்தி விடுகிற ஆளில்லை. "சரி, இந்த வெள்ளி நான் வீட்டில இருந்து வேலை செய்யிறன். பிரிண்ட் எடுக்கிறதை ரெண்டு பேருக்கும் காட்டித் தாறன்."

"வெள்ளிக்கிழமையோ? வேண்டாம்!" என்று புருசனும் பெண்சாதியும் ஒரே குரலில் கத்தினார்கள். மகள் அதை அன்பென்று எடுத்துக்கொண்டாள்.

வெள்ளி காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, விசுவலிங்கம் வைஃபை பெட்டியின் பின்னால் ஒரு வயரைப் பிடுங்கினார். நெட் இல்லையென்றால் வர்த்தமானி இல்லை, வர்த்தமானி இல்லையென்றால் பஸ்தான். லிகிதர் மூளை இன்னும் துருப்பிடிக்கவில்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

"நெட் இல்லையோ? பரவாயில்லை, என்ர போன் டேட்டாவில எடுக்கிறன்" என்றாள் உஷாந்தி, தலையைத் துவட்டியபடி. பிரிண்டர் பக்கம் பக்கமாகத் துப்பத் தொடங்கியது.

ஜெகதீஸ்வரியின் போனில் டேட்டா இல்லை, வைஃபை மட்டும்தான். அவள் அதைக் குலுக்கிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, வட்ஸ்அப் ஏன் போகுதில்லை? அவசரமா ஒரு மெசேஜ் அனுப்ப வேணும்!"

"ஆருக்கு?"

"அது... கோயில் விசயம்."

"இந்தாங்கோ, என்ர போனில அனுப்புங்கோ அம்மா."

"ஐயோ, வேண்டாம், வேண்டாம்!"

விசுவலிங்கம் அச்சடித்த தாள்களைக் கையில் எடுத்தார். ஒரு எழுத்துக் குறையவில்லை. ஆனால் அந்த மை மணம் இல்லை. தனக்கென்று ஒரு பிரதியை ஒதுக்கி வைத்து, "என்ட மஹத்தயா", வாங்கோ ஐயா, என்று சிங்களத்தில் கூப்பிடும் கவுண்டர்காரர் இல்லை. ஸஹாப்தீன் இந்நேரம் இரண்டு தேநீருக்குச் சொல்லியிருப்பான். வாசலைப் பார்த்துப் பார்த்து ஒன்றைத் தானே குடித்துவிட்டு எழும்பிப் போவான். தாள்களைக் கையில் பிடித்தபடி அவர் வாசலடிக்குப் போனார்.

அழைப்புமணி அடித்தது.

"நீங்கள் இருங்கோ, நான் திறக்கிறன்!" என்று ஜெகதீஸ்வரி குசினியிலிருந்து பறந்து வந்தாள். ஆனால் கதவடியில் நின்ற விசுவலிங்கம் அதற்குள் திறந்துவிட்டார்.

வெளியே நரைத்த தாடியோடு ஒரு திரீவீல்காரர் நின்றார். கையில் பார்சல். நெய் மணம் வீட்டுக்குள் அவருக்கு முன்பே நுழைந்துவிட்டது.

அவர் விசுவலிங்கத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஜெகதீஸ்வரி மெடம்ட வூடுதானே ஐயா? வழமையான வெள்ளிக்கெழம மட்டன் பிரியாணி. வூட்டுக்காரர் கெசட் எடுக்கப் போன பொறகுதான் பெல் அடிக்கச் சொல்லி ஈக்கிறாங்க. அவர் போயிட்டாரா?"