இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஒரே அண்டாவும்

பந்தியில் கரண்டி பிடிக்கத் தெரிந்த எனக்கு எந்த நாட்டு விருந்தும் கைவந்த கலை என்று நினைத்திருந்தேன். (அப்படி நினைக்கத் தனிக் கொழுப்பு வேண்டும்.)

நான் பிழைக்க வந்த இந்த நாட்டில், மவுண்ட் வெல்லிங்டன் கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் சிடி நைஜீரியாக்காரன். அவனுக்கும் அபெனா என்ற கானா பெண்ணுக்கும் லின்ஃபீல்டில் ஒரு ஹாலில் நிச்சயதார்த்தம். இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு பாத்திரம் ஜொல்லோஃப் சமைத்து வந்திருந்தார்கள். தக்காளி, மிளகாய் விழுதில் அரிசியை வேகவைக்கும் மேற்கு ஆப்பிரிக்கச் சோறு அது. நைஜீரியாவில் புழுங்கலரிசி, அடி லேசாகத் தீய்ந்த புகை வாசனை. கானாவில் வாசனை அரிசி, இஞ்சி, கிராம்பு. எது உசத்தி என்று இரு நாட்டுக்காரர்களும் ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

"எங்கம்மாவும் அவங்கம்மாவும் இன்னும் முகம் கொடுத்துப் பேசலை. எல்லாரும் ரெண்டையும் சாப்பிட்டு நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் தப்பிப்பேன்" என்றான் சிடி. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பரிமாறும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அடுத்த ஈடு சோறு வந்தால் முதல் ஈட்டின் மேலேயே கொட்டிக் கிளறிவிடுவோம். இங்கே இரண்டும் சிவப்பு. என் கண்ணுக்கு இரண்டும் தக்காளி சாதம். ஆறிவிடுமே என்ற கவலையில் இரண்டையும் ஒரே அண்டாவில் கொட்டி, பதமாகப் புரட்டிவிட்டேன். (ஒரு பருக்கை உடையவில்லை. அதில் பெருமை வேறு.)

அபெனாவின் அம்மா வந்து மூடியைத் திறந்தார்.

"இதுல என்னோடது எது?"

"ரெண்டும் சேர்ந்துதாம்மா இருக்கு. சூடா இருக்கும்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

சிடியின் அம்மாவும் எட்டிப் பார்த்தார். "உன் கிராம்பு என் சோத்தையே கெடுத்துடுச்சு!"

"உன் தீய்ஞ்ச நாத்தம் மட்டும் மணக்குதா?"

விருந்தினர்கள் காலித் தட்டோடு நின்றார்கள். விடிகாலையிலேயே எழுந்து சமைத்த அபெனாவின் அம்மா, சாப்பிடாமல் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். சிடி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அண்டாவுக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மனைவி கேட்டாள்: "உங்கம்மா சாம்பாரையும் எங்கம்மா சாம்பாரையும் இப்படி ஒண்ணா ஊத்துவீங்களா?"

நினைத்துப் பார்த்தேன். சிடி சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

இருந்தும் கல்யாணத்துக்கு அழைத்தார்கள். கடைசி மேசையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன். அபெனாவின் அம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"இது என்னோடது மட்டும். சாப்பிடு."

பக்கத்திலேயே நின்றார். இஞ்சியும் கிராம்புமாக அப்படியொரு மணம். அன்றைக்கு ஒரு ஹாலுக்கே இதை இல்லாமல் செய்தவன் நான் என்று உறைத்தபோது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மன்னிச்சிடுங்கம்மா."

இன்னொரு கரண்டி வைத்தார். கொஞ்ச நேரத்தில் சிடியின் அம்மாவும் ஒரு தட்டோடு வந்தார். அதையும் தனியாகவே சாப்பிட்டேன்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் தட்டில் மோர்க்குழம்பு போய்ப் பொரியலைத் தொட்டுவிட்டால், இங்கேயே பிறந்த என் மகள் அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறாள்: "ஊப்ஸ், ஐ டிட் அன் அப்பா."