பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருப்பது தங்கள் மகள் அல்ல

கள்ளக்குறிச்சி,
புரட்டாசி, 1987.

மரியாதைக்குரிய மாமா ஆதிமூலம் அவர்களுக்கு,

போர்டு எழுதும் மருமகன் இளஞ்செழியன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பெயிண்ட் டப்பாக்களும் சுகம். நைனார்பாளையத்தில் தாங்கள், அத்தை, மைத்துனன் வெங்கடேசன், கன்று ஈன்ற பசு, ஆண்டாள் அனைவரும் சுகமா? ஆண்டாளைக் கடைசியாகக் கேட்டதால் அக்கறை இல்லை என்று எண்ண வேண்டாம். முதலில் கேட்டால் தங்களுக்குக் கோபம் வரும்.

கல்யாணமான சூட்டிலேயே ஆண்டாளை ஆடிக்கு அழைத்துப் போனீர்கள். வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆவணிக் கடைசியில் நல்ல நாள் பார்த்து அனுப்புகிறேன் என்றீர்கள். அதற்குள் இந்தப் பாழாய்ப்போன போஸ்டர் வந்து, புரட்டாசி பிறந்தும் நான் மெஸ்ஸில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாக் கச்சேரிக்கு நான் வந்தது உண்மை. ஆடியில் மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது என்று தெரியும், ஆனால் ஆர்க்கெஸ்ட்ரா நடத்தும் கந்தசாமி, அடுத்த கச்சேரி கள்ளக்குறிச்சியில், போஸ்டரைக் கையாலேயே வரைந்து கொடு, எங்கள் பாட்டுக்காரி மைக் பிடிக்கும் அழகை நேரில் பார்த்துக்கொள் என்றதால் தொழில் நிமித்தமாக வந்தேன். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவில் கயிறு கட்டியிருந்தீர்கள். கயிற்றை ஒட்டி உட்கார்ந்தேன். மேடை நேரே இருந்தது, நான் பார்த்தது பக்கவாட்டில். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஆண்டாள் முழங்காலில் விரலால் தாளம் தட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டையும் வாய்க்குள்ளேயே கூடப் பாடிக்கொண்டிருந்தாள். எங்கள் வூட்டில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை மாமா. அம்மா, அண்ணி, அக்கம்பக்கம் என்று ஆள் நடமாட்டத்தில் பகலில் அவள் முகத்தை நிம்மதியாகப் பார்த்ததுகூட இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். பாட்டுக்காரி கட்டியிருந்தது சிவப்புப் புடவையா பச்சையா என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஊருக்கு வந்து காகிதத்தை விரித்தேன். கை தானாக ஒரு முகத்தைப் போட்டு, அதன் கையில் மைக்கையும் கொடுத்துவிட்டது. எல்லாப் போஸ்டரிலும் அதே முகம். கந்தசாமி பார்த்துவிட்டு, "இது எங்க பாட்டுக்காரி இல்லியேப்பா, இன்னாத்துக்கு இப்டி வெக்கப்பட்டுகினு நிக்குது?" என்றார். திருப்பி வரைய நேரமில்லாமல் ஒட்டியும் விட்டார். உடனே யாரோ புண்ணியவான் தங்களிடம் வந்து, உங்கள் பெண் ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிறதாமே என்று கேட்டிருக்கிறான். தாங்களும் பெண்ணை அனுப்புவதற்கில்லை என்று ஆள்விட்டுச் சொல்லிவிட்டீர்கள்.

மாமா, அது ஆண்டாள் இல்லை. ஆதாரம் தருகிறேன். ஆண்டாளுக்கு மச்சம் இடது கன்னத்தில். போஸ்டரில் நிற்பவளுக்கு வலது கன்னத்தில். பெற்றவருக்குத் தெரியாததா?

கிழித்துப்போட வேண்டியதுதானே என்பீர்கள். கிழிக்கத்தான் போனேன், கை வரவில்லை. அதற்குள் பசை ருசிக்கு மாடுகள் வந்து போஸ்டரைத் தின்ன ஆரம்பிக்க, அவற்றை விரட்டிக்கொண்டு நின்றேன். டீக்கடைக் குஞ்சம்மாள், "பொண்டாட்டி வரலன்னதும் மாடு மேய்க்க வந்துட்டியா?" என்றது. பிறகு இட ஒதுக்கீடு கேட்டு மறியல் வந்தது. ரோடெல்லாம் வெட்டிச் சாய்த்த மரம், பஸ் இல்லை, கச்சேரி ரத்து. புது சினிமா போஸ்டர் வர வழியில்லாததால் மேலே யாரும் எதுவும் ஒட்டவில்லை. ஆளில்லாத பஸ் ஸ்டாண்டில் ஆண்டாள் மட்டும் மைக்கைப் பிடித்துக்கினு நிற்கிறாள். அதாவது அந்த வலக்கன்ன மச்சக்காரி. நான் தினம் சாயங்காலம் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறேன். டீ நன்றாகவே இல்லை.

தாங்களும் மறியலில் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தங்கள் கோரிக்கை நியாயமானது, படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். அரசாங்கம் தங்களுக்கு இரங்கட்டும், தாங்கள் எனக்கு இரங்குங்கள். எனக்குக் கோரிக்கை ஒன்றுதான். ரோடு திறந்ததும் முதல் பஸ்ஸில் ஆண்டாளை ஏற்றிவிடுங்கள். அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை மாமா.

அத்தைக்கு என் நமஸ்காரம். பசு ஜாஸ்தி கறக்கவும், தங்கள் கோபம் கம்மியாகவும் அய்யனாரை வேண்டும்,

தங்கள் மருமகன்,
இளஞ்செழியன்.

பின்குறிப்பு: தபால் போகாததால் இதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று மத்தியானம், தாங்கள் மறியலில் இருக்கும் நேரம் பார்த்து, வெங்கடேசன் சைக்கிளில் ஆண்டாள் வந்துவிட்டாள். தாங்கள் சாய்த்த புளியமரத்தை ஏறித் தாண்டித்தான் வந்தாளாம். ஆகவே மேலே கெஞ்சியதெல்லாம் ரத்து. எழுதியது வீணாக வேண்டாமே என்று வெங்கடேசனிடமே கொடுத்தனுப்புகிறேன். வந்தவள் வூட்டுக்குள் நுழையாமல் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தாள். "கச்சேரி முச்சூடும் என்னியே பாத்துகினு இருந்தீங்களே, மச்சம் எந்தப் பக்கம்னு தெரியலையா?" என்றாள். உன் அப்பாவுக்குப் பயந்துதான் மாற்றி வைத்தேன் என்றேன். என்னிடம் பிரஷ்ஷை வாங்கி, வலது கன்னத்து மச்சத்தை அழித்து, இடது கன்னத்தில் தானே வைத்துவிட்டாள். குஞ்சம்மாள் உட்பட எல்லோரும் பார்த்தார்கள். இனி அது தங்கள் மகள்தான் மாமா. ரோடு திறந்ததும் வந்து பார்த்துப் போகவும், அவசரமில்லை.