எந்த ஓப்பன், மேடம்?

புரியாத ஒரு சொல்லை நான்கு பேர் முன்னால் தைரியமாகச் சொல்லிவிட்டால், அதற்கு அர்த்தம் கேட்க யாருக்கும் வாய் வராது. கேட்டால் தனக்குத்தான் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்று அவரவரும் தலையை ஆட்டிவிடுவார்கள். பாதி அலுவலகங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. இரண்டாயிரங்களின் நடுவில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், நானும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். அந்தச் சொல் 'ஓப்பன்'.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் தயாரிக்கும் கம்பெனி ஒன்று புதிதாக அலுவலகக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது. ஏசி, விளக்கு, மோட்டார், தீ அபாயச் சங்கு எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து இயக்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அதற்கு ஆலோசனை சொல்லும் சிறிய நிறுவனத்தில் நான் இன்ஜினியர். பழைய கட்டடத்தில் முதலாளி நிறையப் பட்டிருந்தார். அங்கே ஏசி போட்டவர்களின் கருவிகள் தங்களுக்குள் ஏதோ ரகசிய மொழியில் பேசிக்கொள்ளும். ஒரு சின்ன சென்சாரை மாற்றுவதென்றாலும் அவர்கள்தான் வர வேண்டும், அதுவும் பம்பாயிலிருந்து.

"இன்னொரு தபா அந்த மாதிரி ஒருத்தன்கிட்ட மாட்டிக்கினு முழிக்க முடியாது," என்றார் முதலாளி. "எவன் பொருள வாங்கினாலும் இன்னொருத்தன் பொருளோட சேந்து வேல செய்யணும். அத மொதல்லயே எழுத்துல போட்டுருங்க."

என் மேலதிகாரி சந்தானம் சார் என்னைப் பார்த்தார். நான் எழுதினேன். எழுதினேன் என்பதைவிட, இணையத்தில் கிடைத்த ஒரு வெளிநாட்டுக் கட்டடத்தின் ஆவணத்திலிருந்து பெயர்த்து நட்டேன் என்பதே சரி. (பனிப்பொழிவுக் காலத்தில் குழாய்களைப் பாதுகாப்பது பற்றிய பத்தியை மட்டும் ஞாபகமாக எடுத்துவிட்டேன். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. அங்கேயும் பனி பொழிவதில்லை.) எல்லாக் கருவிகளும் ஓப்பன் மொழியில் பேச வேண்டும், யார் செய்த கருவியும் யாருடைய கருவியோடும் ஒத்துழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். படிக்க ராஜகம்பீரமாக இருந்தது.

கருவிகள் போட வந்தவர்கள் விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன் சந்தேகம் கேட்க ஒரு கூட்டம் வைத்தோம். கம்ப்யூட்டருக்கும் ஏசிக்கும் வந்திருந்தவர் ரெட்டி. எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். அவர்தான் முதலில் கேட்டார்.

"ஓப்பன்னு போட்டுக்கீறீங்க. எந்த ஓப்பன், மேடம்?"

கடை திறந்திருக்கிறது என்றால் எந்தத் திறப்பு என்று யாராவது கேட்பார்களா? "ஓப்பன்னா ஓப்பன்தான் சார்," என்றேன். ரெட்டி மறுபடி ஏதோ கேட்க வந்து வாயை மூடிக்கொண்டார். விளக்கு, தோட்டத்து மோட்டார், சங்கு ஆகியவற்றுக்கு வந்திருந்த பாஸ்கர் குனிந்து பேனாவைத் தேடினார். (பேனா அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.) சந்தானம் சார் மட்டும் என்னைப் பெருமையோடு பார்த்தார்.

திறப்பு விழா நெருங்கியபோது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரோடு இணைத்தோம். ஏசிகள் ஒழுங்காகத் திரையில் வந்தன. விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

"எங்களுது பக்கா ஓப்பன் மேடம்," என்றார் பாஸ்கர்.

"எங்களுது மட்டும் இன்னா மூடியா கீது, நைனா?" என்றார் ரெட்டி.

"அப்புறம் ஏன் ரெண்டும் பேசிக்க மாட்டேங்குது?" என்றேன் நான்.

"அது வேற ஓப்பன், இது வேற ஓப்பன்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அந்தக் கட்டடத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பிறகுதான் மெல்லப் புரிந்தது. ரகசியம் இல்லாத, யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளக்கூடிய மொழிக்குத்தான் ஓப்பன் என்று பெயர். தமிழும் ரகசியமில்லை, தெலுங்கும் ரகசியமில்லை. அதற்காகத் தமிழ் மட்டும் தெரிந்தவரும் தெலுங்கு மட்டும் தெரிந்தவரும் உட்கார்ந்து குடும்பக் கதை பேச முடியுமா? எந்த மொழி என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியது, "எல்லோரும் ஏதாவது ஒரு மொழியில் பேசவும்" என்கிற அளவில் இருந்தது.

இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்க ஒரு பெட்டி வேண்டும். அதை யார் வாங்குவது என்று என் ஆவணத்தில் இல்லை. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, கடைசியில் முதலாளியே வாங்கிக் கொடுத்தார். ரெட்டி தன் பக்கத்து எண்களைப் படித்தார். பாஸ்கர் தன் பக்கத்து எண்களை அதற்கு நேராகத் தட்டினார். நான் நடுவில் நின்று "ஓகே, ஓகே" என்றேன். கேள்விக்குறிகள் மறைந்தன. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கலாம் என்றால், பந்தல்காரர்கள் சீரியல் லைட் கட்டுவதற்காகக் கரண்டை நிறுத்திவிட்டார்கள்.

விழாவுக்கு வாப்பாவை அழைத்திருந்தேன். பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருந்த அவருக்கு என் வேலை இன்னதென்று கடைசி வரை விளங்கவில்லை. "பொட்டிங்க ஒண்ணோட ஒண்ணு பேசுறதுக்கு நீ எழுதிக் குடுக்குறியா? அதுக்கு சம்பளம் வேற குடுக்குறாங்களா?" என்பார். அன்று அவர் தனியாக வரவில்லை. பொன்னேரியிலிருந்து காதர் மாமாவையும் கூட்டி வந்திருந்தார். மாமாவின் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். பெண்ணை வேலை செய்யும் இடத்திலேயே பார்க்கட்டும் என்பது வாப்பாவின் நவீன யோசனை. எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவர்கள் இருவரும் வெளியே புல்வெளியில், ஷாமியானா அடியில் நாஷ்டா சாப்பிட உட்கார்ந்தார்கள். உள்ளே ஹாலில் சிறப்பு விருந்தினர் கம்ப்யூட்டர் முன் அமர்ந்தார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. திரையில் 'ஹால் விளக்கு' என்றிருந்த இடத்தை நான் காட்ட, அவர் அழுத்தினார்.

விளக்கு எரியவில்லை. வெளியே கூச்சல் கேட்டது.

ஜன்னலுக்கு ஓடினேன். புல்வெளியில் பதித்திருந்த தெளிப்பான்கள் எல்லாம் தலைதூக்கிச் சுழன்றுகொண்டிருந்தன. மேலே ஷாமியானா இருந்து என்ன பயன், தண்ணீர் கீழேயிருந்து வந்தது. காதர் மாமா வடகறித் தட்டோடு நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். வாப்பா அவரைக் கீழே இறக்குகிறாரா, தானும் ஏறப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

ஓடிவந்து 'தோட்டத்து மோட்டார்' என்பதை அழுத்தினேன். சங்கு அலற ஆரம்பித்தது.

சங்கு ஒலித்தால் அனைவரும் உடனே கட்டடத்தை விட்டு வெளியேறிப் புல்வெளியில் கூட வேண்டும் என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தோம். (அந்த வாசகமும் அடியேன் எழுதியதுதான்.) சிறப்பு விருந்தினர் ஒழுங்கு தவறாதவர். முன்னால் நடந்தார். முதலாளி, சந்தானம் சார், மற்ற எல்லோரும் வரிசையாகப் பின்தொடர்ந்து புல்வெளிக்குப் போய், தண்ணீருக்கு நடுவே கூடினார்கள்.

நான் மட்டும் உள்ளே நின்று கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்தினேன். என் கட்டளைக்கு ஏதோ ஒன்று ஓடியது, ஏதோ ஒன்று நின்றது. எது எதனால் என்று மட்டும் தெரியவில்லை. கடைசியில் பாஸ்கர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

அமைதியில் முதலாளி சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். "ஒருத்தன்கிட்ட மாட்டிக்கக் கூடாதுன்னு சொன்னேன். இப்போ மூணு பேர்கிட்ட மாட்டிக்கினேனேம்மா," என்றார். மூன்றாவது நான்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது.

காரணம் பிறகு தெரிந்தது. ரெட்டியின் கருவிகள் பூஜ்யத்திலிருந்து எண்ணுபவை, பாஸ்கருடையவை ஒன்றிலிருந்து. அதனால் எதை அழுத்தினாலும் அதற்கு அடுத்தது வேலை செய்தது.

"ஜீரோல இருந்துதான நைனா எண்ணுவாங்க?" என்றார் ரெட்டி.

"ஊட்டுல கொழந்தைங்கள எண்ணும்போது ஜீரோல இருந்தா எண்ணுவ?" என்றார் பாஸ்கர்.

சாப்பாட்டு வேளைக்குள் சரிசெய்துவிட்டார்கள். அதன் பிறகு நான் எழுதும் எந்த ஆவணத்திலும் மொழியின் பெயர், நடுவில் வரும் பெட்டியை யார் போடுவது, எண்ணிக்கை எங்கே தொடங்கும், எல்லோர் கண் முன்னாலும் எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் இருக்கும். சந்தானம் சார் அதைப் படித்துவிட்டு, "நனைஞ்சவங்க எழுதுன மாதிரி இருக்கு," என்பார்.

மூவரும் ஒரே வேனில் திரும்பினோம். கல்யாணப் பேச்சும் தண்ணீரோடு போயிற்று என்று வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொன்னேரி வந்ததும் காதர் மாமா இறங்கி, வேட்டியைப் பிழிந்தார்.

"ஏம்மா, எங்க ஊட்லயும் நா பேசுறது ஒர்த்தருக்கும் புரிய மாட்டேங்குது. நீ வந்து நடுவுல ஒரு பொட்டி வெச்சுக் குடேன்."

அடுத்த ஆண்டு அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். இன்றைக்கும் நான் ஃபேன் போட எழுந்தால் போதும், "யாராவது ஒருத்தர் போயி தோட்டத்த பாத்துக்குங்கப்பா," என்பார் மாமா. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடியில். தோட்டமே கிடையாது. ஆனாலும் என் கணவர் எழுந்து ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.